பின்பக்கத்து ஜோடி

தேவின்
27 அக்டோபர் 2008

மச்சானுக்கு,

லாசர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள். நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. அதனால்தான் பஸ் டிரைவர் மித்கோவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ராதினாவுக்கு மறுபடி அறுவை சிகிச்சை நடந்தது. விபத்தன்று அவசரத்தில் சேர்த்த இடுப்பெலும்பு கோணலாகக் கூடியிருந்ததாம். அதை உடைத்து நேராக்கியிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை, கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். நவம்பர் பத்தாம் தேதியிலிருந்து திங்களும் வியாழனும் ப்ளோவ்திவ் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு. "இந்த எட்டு வாரத்தை விட்டுட்டு அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க. மூட்டு இறுகிப்போனா இறுகினதுதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை நீட்டிப் படுத்தபடிதான் அவளைக் கொண்டுபோக முடியும். பஸ்ஸின் படியில் ஏற்றவே முடியாது.

என் லைசென்ஸ் ஜூலையில் திரும்பக் கிடைத்தது. ஒரு வண்டியும் இருக்கிறது. ஆனால் வருடாந்திரச் சோதனையில் விழுந்துவிட்டது. சோதனைக்காரன் வெலிச்கோ வண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஒரு அழுத்து அழுத்தினான். அது நான்கு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. "லாசர், இது வண்டியா ஊஞ்சலா?" என்றான். முன்பெல்லாம் ஒரு பாட்டில் ரக்கியா சாராயம் கொடுத்தால் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவான். நெவெனா விபத்தில் போன பிறகு அவன் யாரிடமும் பாட்டில் வாங்குவதில்லை. ஸ்டிக்கர் இல்லாமல் கிளம்பினால் க்ரிச்சிமில் போலீஸ் மடக்கும். இன்னொரு தடவை மாட்டினால் எனக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இருக்காது.

எனக்கு வேண்டியது பின்பக்கத்து ஷாக் அப்சார்பர். பழசு போதும், புதுசுக்கு வக்கில்லை. ஆனால் இரண்டு வேண்டும், ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாக. தொண்ணூற்று மூன்றாம் வருடத்து செடானுடையது. வேகனுடையது வேண்டாம்.

பிள்ளைக்காகக் கேட்கிறேன். எனக்காகக் கேட்கும் முகம் எனக்கு இல்லை என்று தெரியும்.

லாசர்

---

பசர்ஜிக்
2 நவம்பர்

லாசருக்கு,

போன் எடுக்காததற்குக் காரணம் உன் குரல் கேட்கப் பிடிக்காததுதான். கடிதத்தில் குரல் இல்லை, அதனால் படித்தேன்.

தொண்ணூற்று மூன்று செடான் என்று எழுதியிருக்கிறாய். அதே வண்டி. என் தங்கை நெவெனாவைக் கொன்ற அதே மாடலை, அதே வருடத்தைத் தேடிப் பிடித்து வாங்க உனக்கு எப்படி மனசு வந்தது? நிறமும் அதேதானா?

இன்னொன்று. அவளுடைய இரண்டாம் ஆண்டு நினைவுத் தாளில் உன் பெயர் இல்லையென்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே. ஆமாம், நான்தான் அச்சடித்தேன். "தாய், அண்ணன், மகள்" என்றுதான் போட்டேன். பசர்ஜிக்கில் எங்கள் வாசல் கதவிலும் தெருக் கம்பத்திலும் அப்படித்தான் ஒட்டியிருக்கும். உன் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தால் தேவினில் நீயே வேறு தாள் அச்சடித்து உன் கதவில் ஒட்டிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்காக என் பழைய வண்டி யார்டு முழுக்க ஒரு நாள் தேடினேன். நீ கேட்கும் செடான் இல்லை. அந்த மாடலெல்லாம் எப்போதோ அக்கக்காகப் போய்விட்டது. ஒரு வேகன் கிடக்கிறது. பின் ஷாக் இரண்டும் ஒரு சொட்டு கசியாமல் இருக்கின்றன. போல்ட் ஒன்றுதான், துளை ஒன்றுதான், அப்படியே மாட்டிக்கொள்ளும். எத்தனையோ பேருக்கு ஜோடியாகக் கொடுத்திருக்கிறேன், ஒருவனும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

"ஜோடி வேண்டும், வேகன் வேண்டாம்" என்கிறாய். மரம் அறுக்கிறவன் நீ, எப்போதிலிருந்து இவ்வளவு விவரமானாய்? வேண்டுமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் எழுது.

ஸ்தாமென்

---

தேவின்
5 நவம்பர்

மச்சானுக்கு,

வேண்டாம்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் தேடினீர்கள் என்று படித்தபோது சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு நன்றி.

வேகன் பாரம் சுமக்கிற வண்டி. அதன் ஷாக் இரண்டு விரற்கடை நீளம் கூட, இறுக்கமும் கூடுதல். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், நீங்கள் சொல்வது சரி. மாட்டிக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு. எங்கே தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள். இரண்டு வருடம் வண்டி ஓட்டாமல் வீட்டில் கிடந்தவனுக்குப் படிக்க நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாடலை நான் தேடிப் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண் தெரியாமல் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, "பிள்ளைக்கு ஆகுமே, எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தார். அந்த வாசலில் நின்று மாடல் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இறங்கிப் போய் வேலியோரம் நின்றுவிட்டேன். நிறம் வெள்ளை. நம்முடையது நீலம்.

நினைவுத் தாள் பற்றி: நான் குறைப்படவில்லை. ராதினாதான் கேட்டாள். "மாமா ஏம்ப்பா உன் பேரை மறந்துட்டார்?" என்றாள். அச்சுக்காரன் மறந்துவிட்டான் என்றேன்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. வேறு யார்டுகளில் கேட்டுப் பார்க்க முடியுமா? உங்கள் பெயரைச் சொன்னால் தேடுவார்கள், என் பெயருக்கு யாரும் எழுந்திருக்கக்கூட மாட்டார்கள்.

லாசர்

---

பசர்ஜிக்
9 நவம்பர்

லாசருக்கு,

ஆறு யார்டுகளுக்குப் போன் போட்டேன். ஒருவனிடம் முன்பக்கம் இருக்கிறது. ஒருவனிடம் இடது ஒன்று மட்டும் இருக்கிறது. இன்னொருவன் இருக்கிறது என்றான், போய்ப் பார்த்தால் துருப்பிடித்து என் கையோடு வந்தது. மீதிப் பேர் சிரித்தார்கள்.

ஒரு செடான் இருக்கிறது. உனக்கும் தெரியும் எங்கே என்று. வழக்கு முடிந்து போலீஸ் விட்டதும் நான்தான் இழுத்து வந்து பின்வேலி ஓரமாக நிறுத்தித் தார்ப்பாய் போட்டேன். இரண்டு வருடமாக அதிலிருந்து ஒரு ஆணியைக்கூட யாரையும் தொட விட்டதில்லை. வண்டிப் பிணவறை என்றுதான் ஊரில் எங்கள் தொழிலைச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு.

முன்பக்கம் மட்டும்தான் நசுங்கியது. பின்பக்கம் முழுசாக இருக்கிறது. நன்றாக யோசித்துவிட்டேன். அவள் இருந்தால், "அண்ணா, இரும்பைக் கட்டிக்கிட்டு அழுது என்ன ஆகப்போவுது, பிள்ளைக்குக் கழட்டிக் குடு" என்றுதான் சொல்வாள். வருகிற சனிக்கிழமை யார்டை மூடிவிட்டு நானே கழற்றுகிறேன். வேலைக்காரர்கள் கை அதில் படக்கூடாது.

திங்கட்கிழமை மித்கோவிடம் அனுப்புகிறேன். உனக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளாதே.

ஸ்தாமென்

---

தேவின்
12 நவம்பர், காலை

மச்சான்,

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மித்கோ உங்கள் கடிதத்தை இப்போதுதான் கொடுத்தான். அவன் பஸ் திரும்புவதற்குள் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயை எடுக்காதீர்கள். அந்த ஷாக் எனக்கு வேண்டாம். பழைய இரும்பு, கசியும், வெலிச்கோ எப்படியும் ஒத்துக்கொள்ள மாட்டான். வேண்டாம் என்று நானே சொல்லும்போது நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?

ராதினாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திங்கள் போக முடியவில்லை, தவறிவிட்டது. நாளை விறகு லாரி ஒன்று ப்ளோவ்திவ் போகிறது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பலகை போட்டுப் படுக்க வைத்து அழைத்துப் போகிறேன். ஏதாவது ஒரு வழி செய்துகொள்வோம்.

அந்த வண்டி அப்படியே கிடக்கட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

லாசர்

---

பசர்ஜிக்
16 நவம்பர்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கொன்ற வண்டியைக் கண்ணால் பார்க்கப் பயப்படுகிறான், பிள்ளை நொண்டியானாலும் பரவாயில்லை என்கிறான் என்று நினைத்தேன். நேற்று தார்ப்பாயை எடுத்தேன்.

வலப்பக்கத்தை முதலில் கழற்றினேன். வண்டியோடு வந்த பழைய ஷாக், கையால் அமுக்கினால் அப்படியே போகிறது, உயிரே இல்லை. பிறகு இடப்பக்கம். சேற்றைத் துடைத்தபோது துணியில் மஞ்சள் ஒட்டியது.

என் யார்டை விட்டுப் போகும் பொருள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் தேதி போடுவேன், உனக்குத் தெரியும். ஒன்றை வாங்கிப் போய் வேறொன்றைத் திருப்பித் தரும் களவாணிகளுக்காக வைத்துக்கொண்ட வழக்கம். 22.04, ஏப்ரல் இருபத்திரண்டு என்று இருந்தது. என் கையெழுத்து. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேன், ஆனால் இதை எழுதியது ஞாபகம் வந்துவிட்டது. வேகனுடையது, லாசர். இரண்டு விரற்கடை நீளம் கூடுதல்.

விபத்து நடந்த அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு அன்று நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தீர்கள். சிவப்பு முட்டைகளை மோதி உடைத்து விளையாடினோம், ராதினாவின் முட்டைதான் கடைசி வரை உடையவில்லை. முந்தின நாளே நெவெனா போன் செய்து, "அண்ணா, பின்னாடி இடது பக்கம் எண்ணெய் கசியுதாம். இவர் உங்கிட்ட கேக்கக் கூச்சப்படறார்" என்றாள். அன்றே அவளுக்காகத் தேடி எடுத்துத் தேதி போட்டு வைத்திருந்தேன்; மறுநாள் அவளைத் தனியே இழுத்துக் காட்டினேன். "ரெண்டும் மாத்தணும்னு சொல்றாங்களே" என்றாள். நான் சிரித்தேன். "கடைக்காரன் அப்படித்தான் சொல்லுவான். ஒண்ணுதானே போச்சு? ஒரு பல்லு வலிச்சா வாயில இருக்கிறதையெல்லாமா புடுங்குவாங்க?" என்றேன். செய்தித்தாளில் சுற்றி, ஈஸ்டர் ரொட்டியோடு சேர்த்து உன் டிக்கியில் வைத்தேன்.

ஒரு பக்கம் கல் மாதிரி இறுக்கம், மறுபக்கம் பஞ்சு. வளைவில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வீசாமல் என்ன செய்யும்? இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சொந்தத் தங்கைக்குக் கொடுக்கும்போது மட்டும் அளந்து பார்க்கவில்லை. வந்தவனுக்கு அளந்து கொடுப்பேன், வீட்டு ஆளுக்குக் கை போன போக்கில் எடுத்துக் கொடுப்பேன்.

செயிண்ட் ஜார்ஜ் நாள் விருந்துக்கு ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்று உங்களுக்காகக் காத்திருந்தேன், நீங்கள் வந்து சேரவில்லை. மூன்று நாள் கழித்துக் கல்லறையில், அம்மா கையில் சாவுச் சடங்குக்கு அவித்த கோதுமைத் தட்டோடு நிற்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கொலைகாரன் என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. "வேகன் வேண்டாம், ஜோடி வேண்டும்" என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். தார்ப்பாயைத் தொடாதே என்று கெஞ்சியிருக்கிறாய். எப்போதிலிருந்து தெரியும்? நீதிமன்றத்தில் வேகம் வேகம் என்று ஏன் ஒப்புக்கொண்டாய்? இது உன் பெரிய மனசா? எனக்கு அது வேண்டாம், லாசர். அதை என் தலைமேல் வைக்காதே, என்னால் சுமக்க முடியாது. உண்மையை எழுது.

ஸ்தாமென்

---

தேவின்
19 நவம்பர்

மச்சான்,

நீங்கள் தார்ப்பாயை எடுக்காமல் இருந்திருக்கலாம். இரண்டரை வருடம் என்னைத் திட்டிக்கொண்டாவது நிம்மதியாக இருந்தீர்கள்.

பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை. உண்மை கேட்டீர்கள், எழுதுகிறேன்.

விபத்து நடந்த இரண்டாம் வாரம் போலீஸ் அழைத்துவந்த நிபுணர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பின்னாடி ரெண்டும் ரெண்டு வகை, இதை யார் மாட்டினது? எங்க வாங்கினே?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் உங்களையும் உள்ளே இழுத்திருப்பார்கள். உங்கள் அம்மா முந்தின வாரம்தான் ஒரு பிள்ளையைப் புதைத்திருந்தார். அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. "சந்தையில வாங்கினேன், நானே மாட்டினேன். தப்பு ஷாக்குல இல்ல, நான்தான் வேகமா வந்தேன்" என்றேன். ஐம்பதுக்கு அனுமதி, அறுபதில் வந்தேன். அந்த வளைவில் எல்லோரும் அறுபதில்தான் வருகிறார்கள்.

ஆனால் நான் வாயை மூடியதற்கு முதல் காரணம் நீங்கள் இல்லை. ஷாக்கைப் பற்றிப் பேசினால் அடுத்த கேள்வி, "வண்டி ஆடுவது உனக்கு எப்போது தெரியும்?" என்றுதான் வரும். மாட்டிய அன்றே தெரியும் மச்சான். பன்னிரண்டு நாள் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பி வரும். நெவெனாவிடம் சொன்னேன். "அண்ணன் ஆசையா எடுத்து வச்சுக் குடுத்தது. இப்பத் திருப்பிக் குடுத்தா, மலைக்காரனுக்கு நம்ம சாமான் ஆகாதான்னு கேலி பண்ணுவான். விருந்துக்குப் போறோம்ல, அங்கேயே பதமா சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. உங்களிடம் எதைக் கேட்பதென்றாலும் எனக்கு நாக்கு எழாது. நீங்கள் ஒரு வார்த்தை கிண்டல் செய்தால் ஒரு வாரம் தூங்க மாட்டேன். அந்தக் கிண்டலுக்குப் பயந்து பன்னிரண்டு நாள் ஓட்டினேன். உங்களிடம் சொல்லத்தான் வந்துகொண்டிருந்தோம்.

நீங்கள் அளக்காமல் கொடுத்தீர்கள், உங்களுக்குத் தெரியாது. நான் தெரிந்தே அவளையும் பிள்ளையையும் அதில் ஏற்றினேன். கல்லறையில் நீங்கள் சொன்ன வார்த்தை அன்று எனக்குப் பொருந்தியது. அதனால்தான் தலையைக் குனிந்தேன்.

விறகு லாரியில் போன வியாழக்கிழமை கூட்டிப்போனேன். குலுக்கலில் பிள்ளை உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. இனி லாரியில் கொண்டுவராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் திங்களும் தவறியது. வீட்டில் காலை மடக்கச் சொன்னால், பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல அது வராதுப்பா" என்கிறாள். வேறு யாரோ ஒருவருடைய காலைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது.

மறுபடி கேட்கிறேன். இந்த முறை கூச்சப்படாமல் கேட்கிறேன். எங்கிருந்தாவது ஒரு ஜோடி கண்டுபிடித்துக் கொடுங்கள்.

லாசர்

---

பசர்ஜிக்
26 நவம்பர்

மாப்பிள்ளை,

மித்கோவிடம் சணல் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஸ்தாரா ஸகோராவுக்கு அப்பால் ஒருவன் மரத்தில் மோதிய செடான் ஒன்று வைத்திருந்தான். முன்பக்கம்தான் போயிருந்தது. போய் நானே படுத்துக் கழற்றினேன். இரண்டையும் நிறுத்தி வைத்து நீளம் அளந்தேன். கையால் அமுக்கி எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன். நேற்றுக் காலையில் மூன்றாம் முறை. என் பெண்டாட்டி, "அதுக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக்க" என்கிறாள்.

வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போல்ட்டை முழுசாக இறுக்காதே. சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. ரப்பர் வளையங்கள் பையில் இருக்கின்றன, அவை புதுசு. மஞ்சள் பெயிண்டில் எதுவும் எழுதவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், என்னுடையதையும் சொன்னேன். கேட்டு முடித்தார். பிறகு, "ரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தன் கேக்க வெக்கப்பட்டான், ஒருத்தன் பாக்க சோம்பல்பட்டான். எம்பொண்ணு போயிட்டா" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னோடு இன்னும் பேசவில்லை.

நான் நேரில் கொண்டுவந்திருக்க வேண்டும். பஸ் நிலையம் வரைதான் வர முடிந்தது. அந்தச் சாலையில் என்னால் வண்டி ஓட்ட முடியாது, உன் முகத்தையும் பார்க்க முடியாது. மாட்டிவிட்டு எப்படி ஓடுகிறது என்று எழுது. ஆட்டம் கொஞ்சம் இருந்தாலும் உடனே எழுது.

ஸ்தாமென்

---

தேவின்
3 டிசம்பர்

மச்சான்,

வெள்ளிக்கிழமை மாட்டினேன். நீங்கள் சொன்னபடியே, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினேன். வெலிச்கோ வந்து பின்பக்கத்தை அழுத்தினான். ஒரு தடவை எழுந்து அப்படியே நின்றது. இன்னொரு முறை அழுத்தினான், மறுபக்கம் போய் அழுத்தினான். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு என் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

ஆட்டம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். விபத்து நடந்த அதே அணைக்கட்டு வளைவுதான். அன்று போலவே சாலை ஈரம். அறுபதில் போனேன், பிரேக் பிடித்தேன். திரும்பி வந்து மறுபடி போனேன். மூன்று முறை. வண்டி ஆடவில்லை மச்சான். தண்டவாளத்தில் போவதுபோல் போனது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதேன். அன்றும் ஒரு சரியான ஜோடி இருந்திருந்தால் போதும்; ஆடியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

திங்களன்று ராதினாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போனேன். ஐந்து பயிற்சி தவறியதில் மூட்டு கொஞ்சம் இறுகித்தான் போயிருக்கிறது. முழுசாக நேராகாது, ஓரளவு சாய்ந்துதான் நடப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். மீதி ஐந்து வாரத்தில் எவ்வளவு மீட்க முடியுமோ பார்ப்போம்.

போகும் வழியில் அணை தெரிந்ததும் அவள் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அப்பா, அந்த வளைவு எப்ப வரும்?"

"தாண்டியாச்சும்மா."

கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று நீங்கள் வந்து சொல்லுங்கள் மச்சான், எனக்குத் தெரியவில்லை.

லாசர்